பெயரைத் திரும்பப் பெற்ற பெருந்தகைக்கு

முகம் பார்த்து அகம் அறிந்த முதுபெருங் கலைஞரே! விழி பார்த்து விடை சொன்ன வித்தகரே! நேரலை விளக்குகளின் நெருப்பு வெளிச்சத்தில் நின்றும் நிழலின் அடக்கத்தை நீங்காத நேயரே! நடுங்கி வந்தோரையெல்லாம் தேற்றி அனுப்பிவிட்டு, தமக்கொரு தேற்றுவார் தேடாது தனிவழி நடந்த தகைமையாளரே! 'எக்ஸ்ரே சார்' என்று நாங்கள் பாதி செல்லமாகவும் பாதி பயந்தும் அழைத்துவந்த எங்கள் மூத்தவரே! பணிநிறைவு காணும் இந்த இனிய மாலையில், எங்கள் தொலைக்காட்சி நிலையத்துப் பணியாளர் அனைவரின் வணக்கமும் தங்களைச் சேர்வதாகுக!

பாராட்டு மடல் என்றால் பண்புகளை வரிசையாய் அடுக்கிப் பாடுவதே மரபு. தங்கள் பண்புகளை அடுக்கத் தொடங்கினால், 'தண்ணி குடிச்சிட்டு வரேன்' என்று தாங்கள் நடுவிலேயே எழுந்து போய்விடுவீர்கள் என்பதை அறிய எங்களுக்கு எந்த வித்தையும் தேவையில்லை. ஆகவே பண்புகளை விட்டுவிட்டு, நடந்த ஒன்றைச் சொல்லப் போகிறோம். அதைத் தங்கள் முகம் பார்த்துச் சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. எனவே அவையோரை நோக்கித் திரும்பிக்கொண்டு, தாங்கள் இவ்விடத்தில் இல்லாதவர் போலவே பேசுகிறோம், பொறுத்தருள்க!

அவையோரே!

இவர் இந்த நிலையத்துக்குள் முதன்முதலாய் நுழைந்தபோது இவருக்கு நெற்றி மறைக்கும் முடியும், தோல்பெட்டி நிறையச் சீட்டுக்கட்டுகளும் இருந்தன. அதற்கு முன்பு ஆலைகளின் ஆண்டு விழாக்களிலும் பள்ளி மேடைகளிலும் ஊர் ஊராய் அலைந்து, எதிரே நிற்பவர் மனத்தில் நினைத்ததைச் சொல்லிப் பிழைத்தவர். பேய் பிசாசு பேச்சையே அண்டவிடமாட்டார். "நான் மந்திரவாதி இல்லீங்க. மனுஷங்க முகத்தை உன்னிப்பா பாக்கத் தெரியும், கொஞ்சம் கைவித்தை தெரியும், அவ்வளவுதான்" என்று ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் சொல்வார். அதை ஒருவரும் நம்பியதில்லை. அவர் வாயிலிருந்து வந்த உண்மைகளில் அதிகம் நம்பப்படாத உண்மை அதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சி அவருக்குக் கிடைத்தது. ஊர் ஊராய் அலைந்து சேர்க்க முடியாத புகழை ஒரு பருவமழைக் காலத்துக்குள் தொலைக்காட்சி சேர்த்துக் கொடுத்தது. மேடைக்கு வர முடியாதவர்களின் கட்டிலருகே அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு முதியவர், வாரம் ஒருமுறை தம் கண்ணைப் பார்த்துப் பேசுகிற ஒரே மனிதர் இவர்தான் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இவர் பார்த்தது அந்த முதியவரின் கண்ணை இல்லையே! கேமராவின் கண்ணாடியைத்தானே!

"மேடையில நின்னா எதிர்ல இருக்கிறவங்க மூச்சு விடறது கூட கேக்கும். இந்தக் கண்ணாடிகிட்ட என்னத்தப் படிக்கிறது? அதுதான் என்னைப் படிக்குது" என்று ஒளிப்பதிவாளரிடம் ஒருநாள் சொன்னார். மேடையில் பல்லாண்டு சோறு போட்ட வித்தை ஒன்றைத் தொலைக்காட்சி ஒரே வேளையில் விழுங்கிவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்டது. யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதையாக, வாரந்தோறும் புதிது புதிதாய்ப் பின்னிக்கொண்டே இருந்தார். பதிவு செய்து ஒளிபரப்பினால் வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்பார்கள் என்பதற்காக, நேரலையில்தான் செய்வேன் என்று நிலையத்தலைவரிடம் பிடிவாதம் பிடித்து வாங்கினார். நேரலையில் நாக்கிலிருந்து விழுந்ததை யாராலும் அள்ள முடியாது என்று தயாரிப்பாளரம்மா அன்றைக்கே சொன்னார். தவறு நேர்ந்தால் தன் மானம்தானே போகும் என்று இவர் சிரித்தார். வித்தை பலித்தால் என்ன ஆகும் என்பதை இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை.

புகழ் வந்தது, கூடவே வெறுமையும் வந்தது. டயர் கடையொன்றின் மாடியில் ஓர் அறையில் குடியிருந்தார். படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள் அவருடைய செருப்பைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். எங்கள் உணவகத்தில் அவர் உட்கார்ந்தால் எதிரே யாரும் உட்கார மாட்டோம். "சார் முன்னாடி உக்காந்தா, நேத்து லீவு போட்டது வயித்துவலிக்கு இல்லன்னு தெரிஞ்சிடும்பா" என்று ஒலிப்பதிவாளர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். புதிதாய் வந்த வாயிற்காவலர் ஒருவர், மனமறியும் வித்தைக்காரரைக் குறிக்கும் 'மென்டலிஸ்ட்' என்ற சொல்லில் பாதியை விழுங்கிவிட்டு, "மென்டல் சார் எங்கிருந்தாலும் உடனே வரவும்" என்று ஒலிபெருக்கியில் அழைத்தபோது, எங்களில் நாலைந்து பேர் எழுந்து நின்றோம். அன்று அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகு அவருடைய மேசையில் அவர் மட்டும்தான் இருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு தங்கை, மணமாகித் தொலைவில் இருந்தார். நிகழ்ச்சி முடிந்து ஒப்பனை கலைப்பதற்குள் அவருடைய தொலைபேசி அழைப்பு வந்துவிடும். "அண்ணே, அந்த நீலச் சட்டையை இனிமே போடாத. பஞ்சர் ஒட்டுற கடையில கடன் வாங்கிப் போட்ட மாதிரி இருக்கு" என்பார். அடுப்பில் பால் பொங்கியதைச் சொல்வார், கணவரின் குறட்டையைச் சொல்வார், மாமியார் சொன்ன குத்தலைச் சொல்லிவிட்டு அதற்குத் தாம் மனத்துக்குள் சொன்ன பதிலையும் சொல்வார். அண்ணனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணாமல், எதையும் ஒளிக்காமல் இவரிடம் பேசிய ஒரே உயிர் அது. ஒப்பனை அறையின் நாற்காலியில் பாதி முகத்தில் பவுடரோடு, "ம்... அப்புறம்?" என்று இவர் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சியை எங்கள் ஒப்பனைக்காரம்மா இன்றைக்கும் சொல்வார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறோம்.

அன்று பார்வையாளர் வரிசையில் தையல்கடை நடத்தும் ஓர் அம்மா இருந்தார். பக்கத்தில் அவருடைய கணவர், பேருந்து நடத்துநர். அதற்கடுத்து கணவரின் அக்கா. இவர் அந்த அம்மாவை மேடைக்கு அழைத்தார்.

"வாழ்க்கையில யாருகிட்டயும் சொல்லாத ஒரு பேரை நினைச்சுக்கோங்கம்மா. நண்பரா இருக்கலாம், ஆசிரியரா இருக்கலாம், யாரா வேணா இருக்கலாம்."

அந்த அம்மா கண்ணை மூடி நினைத்தார். இவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை, தொழில் மரியாதை கருதி, நாங்கள் எங்கேயும் சொல்லமாட்டோம். ஆனால் சொன்னார். ஓர் ஆணின் பெயரைச் சொன்னார். முதலெழுத்து, நடுவெழுத்து, கடைசி எழுத்து என்று ஒவ்வொன்றாய் இழைத்து, நாடே கேட்கும்படி முழுப்பெயராய்ச் சொன்னார். அந்தப் பெயர் எது என்பதை இம்மடலில் எழுதுவதாக இல்லை.

அரங்கம் அதிர்ந்தது. கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பாளரம்மா, "க்ளோஸ் போ, க்ளோஸ்! முகம் மட்டும்!" என்று கத்தினார். திரை முழுதும் அந்த அம்மாவின் முகம். முதலில் வியப்பு, பிறகு ஒரு திகைப்பு, பிறகு கண்ணில் திரண்ட நீர். கைதட்டல் அடங்குவதற்குள் இவருக்கு விளங்கிவிட்டது. வீடு இடிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவரின் முகம் அது. மூன்றாவது வரிசையில் நடத்துநர் எழுந்து, யாரையும் பார்க்காமல், இருக்கைகளுக்கிடையே காலை இடித்துக்கொண்டு வெளியே போனார். இவர் அதையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே, அடுத்த விளம்பரத்துக்குச் சிரித்தபடி வழிவிட்டார். நேரலை.

கேமரா இல்லாத வெறும் மேடையில் சொல்லியிருந்தால் கேட்ட முந்நூறு பேரும் பேருந்து நிறுத்தம் போவதற்குள் அந்தப் பெயரை மறந்திருப்பார்கள். தொலைக்காட்சி மறக்கவிடவில்லை. வாரம் முழுவதும் அந்த முகத்தையும் அந்தப் பெயரையும் முன்னோட்டமாய் நாங்களே திரும்பத் திரும்பப் போட்டோம். கைப்பேசிகளில் அது பறந்தது. நடத்துநரின் பேருந்திலேயே ஒரு பயணி, "டிக்கெட் ஒண்ணு குடுங்க, அந்தப் பேருல போடுங்க" என்றானாம். பேருந்தே சிரித்ததாம். அவர் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தாராம்.

வாரத்தின் நடுவில் அந்த அம்மா நிலையத்துக்கு வந்தார். வரவேற்பறைக்கு அடுத்த சிறிய அறையில் இவரும் தயாரிப்பாளரம்மாவும் அவரைச் சந்தித்தார்கள்.

"நான் சண்டை போட வரல சார். நீங்க நினைக்கச் சொன்னீங்க, நான் நினைச்சேன். நினைச்சது என் தப்பா, சொன்னது உங்க தப்பான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், விளங்கல."

"வீட்டுல என்னம்மா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு. திட்டினாக்கூடத் தேவலை. டிப்போவுலயே படுத்துக்கிறாரு. நாத்தனார்தான் வாசல்ல நின்னு, 'யாருடி அவன், யாருடி அவன்'னு ஊருக்கே கேக்குற மாதிரி கேக்குறாங்க. துணி தைக்கக் குடுத்தவங்க தைக்காமயே திருப்பி வாங்கிட்டுப் போறாங்க."

தயாரிப்பாளரம்மா மெல்லக் கேட்டார்: "யாருன்னு சொல்லிட்டா முடிஞ்சிடும் இல்லம்மா?"

"சொன்னா நம்புற நிலைமையில யாரும் இல்ல. அதுவுமில்லாம, அது எனக்குன்னு இருந்த ஒண்ணு. இத்தனை வருஷம் யாருக்கும் குடுக்கல. இப்ப ஊரே வெச்சு விளையாடுது. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம்மா. நானும் கேக்க மாட்டேன்" என்றார் இவர்.

அந்த அம்மா எழுந்துகொண்டார். கதவருகே போனவர் திரும்பினார். "ஒண்ணு மட்டும் கேக்கணும் சார். சொன்ன பேரைத் திரும்ப எடுத்துக்க முடியுமா? உங்க வித்தையில அதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

இவர் தெருமுனை வரைக்கும் அவரோடு நடந்துபோய், ஆட்டோ கிடைக்கும்வரை நின்று, ஏற்றிவிட்டு வந்தார்.

வழி ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெயர் அந்த அம்மாவின் மனத்தில் இருந்த பெயர் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி, இவருடைய புகழ்தான். இவர் சொன்னால் தப்பாது என்று எல்லோரும் நம்பியதால்தான் அந்தப் பெயர் உண்மையாயிற்று. சாட்சி கெட்டுப்போனால் வழக்கு விழுந்துவிடும். அதை அவர் யாரிடமும் கலந்து பேசவில்லை. தங்கையை அழைக்கத் தொலைபேசியை எடுத்து, எடுத்தபடியே வைத்துவிட்டார். ஒருவரிடம் சொன்னாலும் அது பாதிப் பொய்யாகிவிடும். அந்த அம்மாவுக்கு முழுப்பொய் தேவைப்பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, நிகழ்ச்சி தொடங்கியதும், வழக்கமான வணக்கத்துக்குப் பிறகு இவர் கேமராவுக்கு மிக அருகே வந்து நின்றார்.

"போன வாரம் நான் ஒரு பேர் சொன்னேன். அது அந்த அம்மா நினைச்ச பேர் இல்ல. நான் வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொன்னேன். எனக்கு அன்னைக்கு எதுவும் பிடிபடாதுன்னு தோணிச்சு. நேரலை, மானம் போயிடும்னு பயந்து, நிகழ்ச்சிக்கு முன்னாடியே அவங்ககிட்ட, 'நான் என்ன சொன்னாலும் ஆமான்னு தலையாட்டுங்கம்மா'ன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். பாவப்பட்டு ஒத்துக்கிட்டாங்க. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவங்க, அதான் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தப்பு என்னோடது. அவங்க கிட்டயும் அவங்க வீட்டுக்காரர் கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பாளரம்மாவின் விரல் நிறுத்தும் பொத்தானின் மேல் இருந்தது. வாரத்தின் நடுவில் நடந்த சந்திப்பில் உடனிருந்தவர் அவர். எது உண்மை, எது பொய் என்று அந்த அறையில் அறிந்த ஒரே ஆள். விரல் அங்கேயே இருந்தது. அழுத்தவில்லை.

அதன் பிறகு நடந்ததை நாடறியும். விளம்பரதாரர்கள் விலகினார்கள். பத்திரிகைகள் கிழித்தன. போட்டித் தொலைக்காட்சியில் நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் இவரைப்போல் கோட்டு மாட்டிக்கொண்டு, முகவாயைச் சொறிந்து, "உங்க பேரு... ஆமான்னு சொல்லிடுங்கம்மா!" என்று நடித்துக் காட்டினார். தெருவில் 'செட்டப் சார்' என்று பெயர் வைத்தார்கள். முன்பு இவருடைய கண்ணுக்கு அஞ்சியவர்கள் இப்போது அஞ்சவில்லை. உணவகத்தில் எதிரே வந்து தாராளமாய் உட்கார்ந்து, "சார், நான் என்ன நினைக்கிறேன் சொல்லுங்க பாப்போம்... தெரியாதுல்ல!" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எதிரே ஆள் இல்லாத தனிமை ஒன்று. ஆள் இருந்தும் உள்ள தனிமை இன்னொன்று. இரண்டையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டார் மனிதர்.

மன்னிப்புக் கேட்ட அந்த வெள்ளிக்கிழமையும் தங்கையின் அழைப்பு வந்தது. அன்று என்ன பேசினார்கள் என்பதை, இந்த விழாவுக்கு அழைக்க நாங்கள் தொடர்புகொண்டபோது அவரே எங்களிடம் சொன்னார்.

"ஏண்ணே? இத்தனை நாள் எங்கிட்ட கூட நடிச்சியா?"

தங்கையே தொடர்ந்தார்.

"என் மாமியார் வீட்டுல எங்க அண்ணன், எங்க அண்ணன்னு தலை நிமிந்து திரிஞ்சேனே. சரி, அது போகட்டும். ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நீ இன்னைக்குச் சொன்னது பொய்யின்னு சொல்லு. வேற எதுவும் கேக்க மாட்டேன். நான் நம்புறேன்."

"நிஜம்தாம்மா" என்றார் இவர்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. நிகழ்ச்சியும் இல்லை. பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும் பேச்சு என்றாயிற்று. பிறகு அதுவும் இளைத்தது.

நிலையம் இவரை வெளியே அனுப்பத்தான் பார்த்தது. தயாரிப்பாளரம்மா மல்லுக்கு நின்று, விருந்தினர் அறைப் பொறுப்பை வாங்கிக் கொடுத்தார். நேரலைப் பேட்டிக்கு வருகிறவர்கள் அரங்கத்துக்குள் போகுமுன் உட்கார்ந்திருக்கும் அறை அது. தொண்டை வறண்டு, உள்ளங்கை வியர்த்து வருவார்கள். வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள் வருவார்கள். முதல் பரிசு வாங்கியவர்கள் வருவார்கள். பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் காப்பிக் கோப்பை சட்டையில் சிந்தும்படி நடுங்கினார். "டாக்டர், இந்தக் கையை நம்பி மயக்கம் போட்டுப் படுத்தவங்க பாத்தா எழுந்து ஓடிடுவாங்க" என்று இவர் சொன்னதும் மருத்துவர் வெடித்துச் சிரித்தார், நடுக்கம் நின்றது. எவருக்கு ஒரு வாய் நீர் வேண்டும், எவரைத் தனியே விட வேண்டும், எவருக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இவருக்குத் தெரியும். தொலைக்காட்சியில் செய்யாத மனமறிதலை எல்லாம் கேமரா இல்லாத அந்த அறையில் செய்தார். பேட்டி முடிந்தவர்கள் வேறு வாசல் வழியாக வெளியேறுவது எங்கள் நிலையத்து ஏற்பாடு. ஆகவே தாம் தேற்றியவர்களில் எவரும் திரும்பி வந்து நன்றி சொன்னதை இவர் பார்த்ததில்லை.

அந்தத் தையல்கடை அம்மாவும் வரவில்லை. வந்தால் பொய் குலையும். ஒருமுறை மட்டும் வாயிற்காவலரிடம் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை. அளவெடுக்காமல் தைத்தது, தோள், கை, கழுத்து எல்லாம் அச்சாய்ப் பொருந்தியது. கண்ணால் பார்த்தே அளந்திருக்கிறார். வித்தையில் யார் பெரியவர் என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்தது என்று இவர் தயாரிப்பாளரம்மாவிடம் மட்டும் சொல்லிச் சிரித்தாராம்.

இவ்வாறே ஆண்டுகள் போயின. சென்ற மாதம், பணி ஓய்வு பெற்ற அந்த நடத்துநர் நேராக விருந்தினர் அறைக்கு வந்தார். தயாரிப்பாளரம்மாவும் அப்போது அங்கிருந்தார்.

"என்னைத் தெரியுதா சார்?"

"தெரியாம என்னங்க. உக்காருங்க."

உட்காரவில்லை அவர். "எனக்கு அப்பவே தெரியும் சார். ரெண்டாவது வாரம் நீங்க சொன்னதுதான் பொய்யின்னு."

இவர் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எப்படிங்க?"

"என் சம்சாரம் அழுதா எதுக்கு அழுறான்னு எனக்குத் தெரியாதா? பொய் சொல்லிட்டு அழுற அழுகையா அது?"

"அப்புறம் எப்படி வீட்டுக்குப் போனீங்க?"

"போகணும்னு முதல் நாள்லேர்ந்தே இருந்துச்சு சார். எப்படிப் போறது? டிப்போவே சிரிக்குது, அக்கா வாசல்ல நிக்குறாங்க. போனா மானங்கெட்டவன்னு ஆயிடும். ஏதாவது ஒரு சாக்கு கிடைக்காதான்னு கிடந்தேன். நீங்க டிவியில நின்னு, நான் பொய்யன்னு சொன்னீங்க. அவ்வளவுதான். 'பாத்தீங்களாய்யா, அந்தாளு சரியான ஃபிராடு, என் சம்சாரத்தை அநியாயமா அழ வெச்சுட்டான்'னு வழியெல்லாம் கத்திக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டேன். உங்களை என்ன திட்டுத் திட்டினேன்னு உங்களுக்குத் தெரியாது சார். திட்டத் திட்ட எல்லாரும் வழி விட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். இவரும் எதிரே உட்கார்ந்தார். இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பதைத் தயாரிப்பாளரம்மா தாங்கமாட்டாமல், "அது யாருன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"இல்லம்மா. அவளா ஒருநாள் சொல்ல வந்தா. வேண்டாம்னுட்டேன். ஆளுக்கு ஒண்ணு உள்ள இருந்துட்டுப் போகட்டுமே."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் இவருக்குச் சாப்பாடு. தையல் இயந்திரத்தை ஓரமாய்த் தள்ளிவிட்டுப் பாய் போட்டிருந்தார்கள். பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த அந்த அம்மா கரண்டியோடு நின்று, "நான் என்ன நினைக்கிறேன், சொல்லுங்க சார்" என்றார்.

"இன்னும் கொஞ்சம் போடலாமான்னு நினைக்கிறீங்க."

"அதுக்கு என் மனசைப் படிக்கணுமாக்கும்! உங்க தட்டைப் பாத்தாலே தெரியுதே" என்று அந்த அம்மா சொல்ல, மூவரும் சிரித்திருக்கிறார்கள். உண்டு முடித்து, நடத்துநர் நிறுத்தம் வரைக்கும் வந்து பேருந்தேற்றிவிட, இவர் மறுபடி டயர் கடை மாடிக்குத் திரும்பினார்.

மறுநாள், தயாரிப்பாளரம்மா சொல்லி எல்லாம் அறிந்த எங்களில் சிலர் அந்தத் தம்பதியரைப் போய்ப் பார்த்தோம். இத்தனை நாள் கட்டிக்காத்ததை உடைக்க எங்களுக்கு உரிமையில்லை, உரிமை அவர்களுடையது. வாசலில் நின்று கேட்ட நாத்தனாரும் இப்போது இல்லை. அந்த அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "தாராளமா சொல்லுங்க. என் பேரை எனக்குத் திருப்பிக் குடுத்தாரு. அவரு பேரை யாரு திருப்பிக் குடுக்கிறது? நாமதானே குடுக்கணும்?" என்றார். இம்மடல் எழுதப்பட்டது அதனால்தான். இவரிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் கிடைத்திராது.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கையார் அவர்களே!

வரமாட்டேன் என்றீர்கள்; மூன்றுமுறை அழைத்த பிறகு வந்தீர்கள். "ஊரை ஏமாத்தினது கூட பரவாயில்ல, எங்கிட்ட நடிச்சிட்டாரே" என்று தொலைபேசியில் தங்கள் குரல் உடைந்தபோது, உண்மையைச் சொல்லத் துடித்த நாவை அடக்கிக்கொண்டோம். இந்த மேடைக்காக அடக்கிக்கொண்டோம். அன்று அண்ணனிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டீர்கள். முன்பின் அறியாத ஒரு பெண்ணின் வாழ்வுக்காக அந்த ஒரு வார்த்தையை அவர் தங்களுக்குத் தரவில்லை. தந்திருந்தால் தாங்கள் அவரைக் காக்கும் பொருட்டு யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். சொல்லாமல் தங்களால் இருந்திருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவர் தர முடியாமற்போன வார்த்தையை அவர் சார்பில் நாங்கள் இன்று தருகிறோம். பொய்தான் அம்மா. அன்று உங்கள் அண்ணன் சொன்னது பொய்தான்.

இனித் தங்கள் பக்கம் திரும்புகிறோம், எங்கள் பெருந்தகையே!

புகழைப் பெறுவோர் பலர்; பெற்ற புகழைப் பிறர் பொருட்டுப் பெட்டியோடு இறக்கிவைப்போர் யார்? வெல்வதற்கு வித்தை கற்றோர் பலர். தோற்பதற்குத் துணிவு கற்றோர் யார்? தொலைக்காட்சி தந்ததைத் தொலைக்காட்சியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, வட்டியாய் வந்த வசவையும் வாய் திறவாது வாங்கிக்கொண்ட தங்கள் வாழ்வு, இந்நிலையம் ஒளிபரப்பாத நிகழ்ச்சிகளில் உயர்ந்தது! உடல் நலமும் உள்ள அமைதியும் உறக்கமும் குறைவின்றிப் பெற்று, கண்ணைப் பார்த்துப் பேசும் மனிதர் சூழ, நெடுங்காலம் நீங்கள் வாழ்க!

இம்மடலைச் சட்டமிட்டுத் தங்கள் கையில் தருகிறோம். சுவரில் மாட்டுவதோ, கட்டிலுக்கடியில் போடுவதோ தங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். இந்த மேடையின் இடப்புறம் மூன்று படிகள் இருக்கின்றன. அவற்றின் கீழே இப்போது தங்கள் தங்கை வந்து நிற்பார். இறங்கும்போது தனியாக இறங்காதீர்கள்.

அன்பில் குறையாத,
ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, ஒப்பனை, படத்தொகுப்பு, உணவகம், வாயில் காவல் ஆகிய பிரிவுகளின் பணியாளர்களும்,
நிறுத்தும் பொத்தானை அழுத்தாத தயாரிப்பாளரும்,
அவர்களோடு கையெழுத்திட விரும்பிக் கேட்டுக்கொண்ட ஒரு தையற்கலைஞரும், ஓய்வுபெற்ற ஒரு பேருந்து நடத்துநரும்.